பேண்டேஜ் சுற்றிய மோட்டார்

ராஜபாளையத்தில் ஒரு மார்கழிக் காலையில், ஒரு வீட்டு மாடியிலிருந்த பெரிய டிஷ் மேற்கே, அரபிச் சேனல் பக்கம், திரும்பவில்லை என்று டிஷ் மெக்கானிக்கான என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டு அக்கா பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டுபவர், தலையெல்லாம் பஞ்சு. கணவர் வளைகுடாவில் கட்டட வேலை. டிஷ்ஷைத் திருப்பும் மோட்டாருக்குக் குளிருமென்று பேண்டேஜ் துணியைச் சுற்றியிருந்தார். துணி பனியைக் குடித்ததில் உள்ளே கிரீஸ் இறுகிக் கிடந்தது.

“மோட்டாருக்குச் சளியா பிடிக்கும்?”

“சிரிக்காம வேலையப் பாருங்க தம்பி. அங்க எம்புட்டுக் குளிருன்னு கேட்டா அவிய பேச்ச மாத்திருவாவ. டிவிக்காரன் மறைக்க மாட்டாம்லா.”

துணியை அவிழ்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் விட்டேன். டிஷ் முனகிக்கொண்டே திரும்பியது. அரபிச் செய்தியின் வானிலையில் அக்காவுக்கு வெப்பநிலை எண் மட்டும் புரிந்தது.

“இன்னைக்கு ரெண்டு ஊர்லயும் ஒரே குளிரு” என்றார், கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல.

நானும் பல ஊர்களில் குளிரில் படுத்திருக்கிறேன். அங்கே எவ்வளவு குளிர் என்று எனக்காக யாரும் பார்த்ததில்லை.