பின்னறைக்கு எட்டும் ரவுட்டர்

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சையோடு குரல் போய்விட்டது. துபாயில் இருந்த எங்கள் ஒரே மகன் அதன்பிறகு போனை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் முகம் பார்த்தே பேசினான். கடலூர் வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர். அவர் மெல்ல நடந்து வந்து உட்காருவார். மகன் கேட்பதற்கெல்லாம் கையாலும் புருவத்தாலும் பதில் சொல்வார்.

2010இல் அவரால் எழுந்து நடக்க முடியாமல் போயிற்று. ஊருக்கு வந்த நண்பனிடம் மகன் ஒரு லேப்டாப் கொடுத்தனுப்பினான். "வயரில்லாம பின்னறையில நெட் வரணும்னா ரவுட்டர் ஒண்ணு வாங்கணும்மா" என்றான்.

எனக்குச் சிதம்பரத்தில் ஆசிரியை வேலை. பள்ளி விட்டதும் கீழ வீதியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு ரவுட்டர்களை எடுத்து வைத்தார். சின்னதில் ஒரு ஆண்டெனா, பெரியதில் இரண்டு.

"நடுவுல எத்தன சுவரு இருக்குது மேடம்?"

"ரெண்டு. பழைய வீடு, கனம் ஜாஸ்தி."

"அப்ப பெருசையே எடுத்துக்குங்க. யாருக்கு, பசங்களுக்கா?"

"வீட்டுக்காரருக்கு. படுத்த படுக்கையா இருக்காரு."

கடைக்காரர் எந்த வயரை எங்கே செருகுவது என்று இரண்டு முறை காட்டினார்.

முன்னறையில் வைத்துப் பார்த்தேன். சிக்னல் பின்னறை வாசலோடு நின்றுவிட்டது. நீள வயர் வாங்கி, ரவுட்டரை நடை வழியில் ஆணியடித்து மாட்டிய பிறகுதான் கட்டிலருகே மகன் முகம் வந்தது. அவர் கன்னங்களை உள்ளே இழுத்துக் காட்டினார். இளைத்துவிட்டாயே என்று அர்த்தம்.

"இல்லப்பா, நல்லாத்தான் சாப்புடுறேன்" என்றவன், தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக எழுந்து போனான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

கார்த்திகை மழையில் ஒருநாள் காலையிலேயே கரண்ட் போய், ரவுட்டரும் அணைந்துவிட்டது. மதியம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மகனைக் கூப்பிட்டுச் சொல்லி, செல்போனை அவர் காதில் வைத்தேன்.

"இப்பவே டிக்கெட் போடுறேன்பா. நாளைக்கு வந்துடுவேன். அப்பா? அப்பா?"

பதில் வராமல் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் போனை வாங்கி, "கண்ணத் தொறந்து பாக்குறாருடா. நீ பேசு" என்றேன்.

சாயங்காலத்துக்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் மகன் கேட்டான்: "நான் பேசுனது அவருக்குக் கேட்டுச்சாம்மா?"

கண் திறந்தது உண்மை. அவன் குரலுக்கா, மழைச் சத்தத்துக்கா என்று எனக்குத் தெரியாது.

"கேட்டுச்சுடா" என்றேன்.