பாய் வைத்துப் பார்த்த விரல்கள்

துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். "அக்கா, பாய் போயிட்டாருக்கா." எந்தப் பாய் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குப் பாய் என்றால் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை வைத்திருந்த காதர் பாய்தான். மாலையைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலில் வேன்காரர்கள் கூட்டம். "தங்கமான மனுஷன்" என்றார்கள். "பாய் கடைக்குப் போனா அளந்துக்கிட்டே உக்காந்திருப்பாரு, வண்டி வெளிய வராது" என்று சிரித்ததும் இதே வாய்கள்தான். உங்களைத்தான் சொல்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

தம்பியின் வேனில் மாதாமாதம் பதினொரு பெண்கள் கோயிலுக்குப் போவோம். அதன் சக்கரங்களில் விரிசல் கண்டதும், ஏதோ பெரிய வண்டியிலிருந்து கழற்றிய பளபளப்பான நான்கு சக்கரங்களை வாங்கி வந்தான். மாட்டுவதற்கு வேனைக் காதர் பாயிடம் கொண்டுபோனபோது நாங்களும் கூடப் போயிருந்தோம். அவர் அதில் ஒரு சக்கரத்தைக் குப்புறப் போட்டு, விளிம்பின் குறுக்கே கம்பியை வைத்து, நடுவில் போல்ட் மாட்டும் இடம் வரை ஆழம் அளந்தார்.

"போல்ட் ஓட்டை சேருது தம்பி, ஆஃப்செட், அதான் இந்த ஆழம், சேரல. சக்கரம் ரெண்டு விரல் வெளிய தள்ளி நிக்கும். ஆள் ஏறினா டயர் பாடியில உரசும். பேரிங்கும் தாங்காது."

"பாக்க நல்லாத்தானே பாய் இருக்கு?"

"நிக்கிற வண்டியில எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மாட்டியே காட்டுறேன். எல்லாரும் ஏறி உக்காருங்கம்மா, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுப் பாத்துடுவோம்."

நான்தான் குறுக்கே விழுந்தேன். "ராகு காலம் வரப்போவுது பாய். உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? எல்லாம் பெருமாள் பாத்துப்பார்."

"பெருமாள் பாப்பார்மா. நாமளும் ஒரு தடவை பாத்துடலாமே."

கேட்கவில்லை. வேறு கடையில் மாட்டினோம். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தேன். நான்கும் நன்றாக நசுங்கியதில் எனக்குப் பரம திருப்தி.

அடுத்த பயணத்தில், மணப்பாறை வரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் உரசியிருக்கிறது. எங்களுக்குக் கேட்கவில்லை, பஜனை பாடிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் முன் டயர் வெடித்து, வேன் புளியமரத்தில் மோதியது. என் ஓரகத்தி கமலத்தின் வலது கை இன்றும் தோளுக்கு மேல் எழாது. கோபுரத்தை ஒற்றைக் கையால்தான் கும்பிடுகிறாள்.

வேன் சரியானதும் பாயிடம்தான் போய் நின்றோம். வேனோடு வந்த பழைய சக்கரத்தின் பின்பக்கம் பொறித்திருந்த ஆஃப்செட் எண்ணையும், தான் தேடி வாங்கிய சக்கரத்தின் எண்ணையும் தம்பிக்குக் காட்டினார். இரண்டும் ஒன்று. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. "ஏறி உக்காருங்கம்மா" என்றார். ஏறினோம். தம்பி ஸ்டீயரிங்கை ஒடித்துப் பிடிக்க, பாய் குனிந்து, உரசாமல் இடம் இருக்கிறதா என்று டயருக்கும் பாடிக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தார்.

அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பஞ்சாங்கம் பார்க்கிற எனக்கு, அதற்கு மட்டும் மூன்று வருடமாக நல்ல நேரம் கிடைக்கவில்லை. இப்போது அவரும் இல்லை.

பாய் மறைந்த பிறகு முதல் முறையாக, போன வாரம் வேனுக்கு டயர் மாற்றினோம். எல்லோரையும் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, முட்டி வலியோடு குனிந்து விரல்களை வைத்துப் பார்த்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்தது.

"அக்கா, ராகு காலம் வந்துடும்" என்றாள் கமலம் உள்ளிருந்து.

"வரட்டும், உக்காரு" என்று அடுத்த சக்கரத்துக்குப் போனேன்.