ஒரு பெயரை மீட்க ஹெப்பகோடி வரை

இந்த 2005-இல் ஒரு வெள்ளிக்கிழமை பெங்களூருக்குப் போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. கிருஷ்ணகிரியில் நாங்கள் ஐந்து பேர் நடத்தும் ரத்த தான இணையதளத்தின் பெயர் திங்கட்கிழமையோடு காலாவதி. அந்தப் பெயரை ஊரில் மூன்று மருத்துவமனைச் சுவர்களில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். அது கை மாறிவிட்டால், ரத்தம் தேடுகிறவர் எங்கே போய் நிற்பார்?

வினை முரளியால் வந்தது. ஐவரில் அவன் ஒருவன்தான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். பெயரைப் பதிவு செய்தபோது, கம்பெனி முகவரி என்றால் ஒரு கெத்து என்று ஆபீஸ் மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறான். ஆறு மாதம் முன்பு வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டான். பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். புதிது கேட்டால் பழைய ஆபீஸ் முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். பெயரை விற்ற அமெரிக்கக் கம்பெனிக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு தடவையும் ஒரே பதில், ஓர் எழுத்து மாறவில்லை.

காலை 6.10 பஸ். 90 கிலோமீட்டர், 38 ரூபாய். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், ஓசூர் தாண்டியும் வெயில் முகத்தில் அடிக்கும். பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கும்போது 8.50.

முரளி ஓர் அரங்கில் பேசப் போயிருந்தான், நானும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். தலைப்பு என்ன தெரியுமா? இணையப் பெயர்களை யார் ஆள்வது! உலகத்துத் தளப் பெயர்களுக்கெல்லாம் தலைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் எதை மாற்றவும் அமெரிக்க அரசின் சம்மதம் வேண்டும்.

"எல்லாருக்கும் பொதுவானதை ஒரே நாடு கையில வெச்சிருக்கறது எந்த ஊர் நியாயம்?" என்று முரளி முழங்கினான். ஐ.நா.விடம் கொடு என்பது அவன் கட்சி.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். "எல்லா அரசாங்கமும் உள்ள வந்தா, பிடிக்காத பேரையெல்லாம் தூக்கச் சொல்வாங்களே. அப்ப என்ன சார் பண்ணுவீங்க?"

முரளி தண்ணீர் குடித்தான். நான் இருவருக்கும் கை தட்டினேன். மனசு முழுக்கத் திங்கட்கிழமையில் இருந்தது.

சாப்பிடாமலே அவனை இழுத்துக்கொண்டு, அவன் பழைய ஆபீஸ் இருக்கும் ஹெப்பகோடிக்கு பஸ் ஏறினேன். 25 கிலோமீட்டர், 14 ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். வழியெல்லாம் திட்டினேன். "சரிண்ணா, சரிண்ணா" என்பதைத் தவிர அவன் வாயைத் திறக்கவில்லை.

பழைய ஆபீஸின் மின்னஞ்சல்களைப் பார்த்துக்கொள்ளும் குமார் வாசலுக்கே வந்தார். பெங்களூர் நீலசந்திராக்காரர், கன்னடம் கலந்த தமிழ்.

"ஆகல்ல சார். போனவங்க மெயிலைத் திறக்க ரூல்ஸ் இல்ல."

ரத்த தான விஷயத்தைச் சொன்னேன். சுவரில் எழுதியதையும் சொன்னேன்.

"சொல்ப இருங்க," என்று உள்ளே போனார். திரும்பியபோது கையில் ஒரு வெள்ளைத்தாள். "எழுதிக் கொடுங்க முரளி. மேனேஜர் கையெழுத்துப் போட்டா, அந்த ஒரு மெயிலை மட்டும் நானே அனுப்பறேன். பெட்டியை உங்களுக்குத் தர மாட்டேன்."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார், புது பாஸ்வேர்டு கேட்டோம், 4.40-க்கு அந்த மெயில் முரளியின் சொந்த முகவரிக்கு வந்தது. பக்கத்து பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய், முரளியின் கார்டில் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தோம். கடைசியாக உரிமையாளர் யார் என்று ஒரு கட்டம் கேட்டது.

"அஞ்சு பேரையும் போடலாம்ணா. பாஸ்வேர்டும் எல்லார்கிட்டயும் இருக்கட்டும்."

"எவனாவது எதையாவது மாத்தித் தொலைச்சா?" என்று சொல்லிவிட்டு என் பெயரையும் என் மின்னஞ்சலையும் மட்டும் தட்டி, பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

முரளி திரையைப் பார்த்தான். "ஓகோ. இப்ப நீங்கதான் அமெரிக்கா."

நான் 5.50 பஸ் ஏறினேன்.

தளம் வைத்திருப்பவர்களுக்கு: ஆபீஸ் முகவரியில் பெயரைப் பதியாதீர்கள். காலாவதி நாளைக் காலண்டரில் எழுதுங்கள். ஹெப்பகோடி போவதானால் மதியத்துக்குள் போய்விடுங்கள், ஆறு மணிக்கு மேல் ஓசூர் ரோடு நகராது.

உலகத்துப் பெயர்களை யார் ஆள வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாகிறது. மற்ற நால்வரும் பாஸ்வேர்டு கேட்டுவிட்டார்கள், முரளி இரண்டு முறை. அவர்களை நம்பாமல் இல்லை. ஆனாலும் நான் இன்னும் கொடுக்கவில்லை.