எம்லினின் தொட்டி

பெத்தேல் தெருவில் யாருக்கு என்ன தேவை என்றாலும் முதலில் தட்டப்படுவது டெக்வென் ரீஸின் கதவுதான். பூனைக்குச் சோறு வைக்க வேண்டுமா, வெளியூர் போனவர்களின் பார்சலை வாங்கி வைக்க வேண்டுமா, டெக்வென் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை கரண்டி பிடித்தவள். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டிய எந்தப் பிள்ளையையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. அதற்காக மேலாளரிடம் வாங்கிய திட்டுக்கும் குறைவில்லை. இல்லை என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வராது. தங்கமான மனுஷி என்று தெருவே சொல்லும். தங்கம்தான், யார் இல்லை என்றது? அந்தத் தங்கக் குணம் கடைசியில் யார் தலையில் விடிகிறது என்றுதான் ஒருவரும் பார்ப்பதில்லை.

பக்கத்து வீடு எம்லினுடையது. அவன் மனைவி நெஸ்டா இறந்த குளிர்காலத்தில், ஸ்விண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய்வருகிறேன் என்று ஒரே ஒரு பையோடு கிளம்பினான். சாவியை டெக்வென் கையில் வைத்து, "கொஞ்சம் பாத்துக்க, டெக். வீடு காலியா கெடக்குன்னு யாருக்கும் தெரிய வேணாம்" என்றான். அந்த ஒரு வாரம் பதினொரு வருடமாகியும் முடியவில்லை.

டெக்வென் பார்த்துக்கொண்டாள். காலையில் திரையை விலக்குவாள், சாயங்காலம் இழுத்து மூடி நடையில் விளக்கைப் போடுவாள். பனி விழும் மாதங்களில் குழாய் வெடித்துவிடாமல் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் காலை வரும் குப்பை லாரிக்காக, சக்கரம் வைத்த தன் குப்பைத் தொட்டியோடு அவன் தொட்டியையும் வெளியே தள்ளி வைப்பாள். காலித் தொட்டி உருளும்போது கடகடவென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதில் தன் வீட்டுக் குப்பையில் ஒரு பையைப் போட்டுவைப்பாள். கேட்டவர்களிடம் எம்லின் அப்பப்போ வந்துபோகிறான் என்பாள். வியாழன்தோறும் அவனிடமிருந்து போன் வரும்.

"தொட்டிய வச்சாச்சா?"

"வச்சாச்சு."

பிறகு மழையைப் பற்றியும் அவன் முழங்கால் வலியைப் பற்றியும் கொஞ்சம் பேச்சு. அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் அவள் மகள் மென்னாவுக்குக் கெட்ட காலம் வந்தது. மென்னா வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். வீடில்லாதவர்களுக்கு வரிசைப்படி வீடு ஒதுக்கும் ஊர்க் கவுன்சில் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் டவுனில் ஒரு ஹோட்டல் அறையில் தங்கவைத்தது. ஒரே அறை. கட்டில்தான் சாப்பாட்டு மேஜை, கட்டில்தான் பள்ளிப் பாடம் எழுதும் இடம். அம்மா வீட்டில் வந்து ஒண்டிக்கொள்ளலாம் என்றால், இவளுக்குத்தான் கூரை கிடைத்துவிட்டதே என்று வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்களாம். நல்ல சட்டம்தான். மாதக்கணக்கில் அந்த அறையிலேயே கிடந்தார்கள்.

அந்த வசந்தத்தில் கவுன்சில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வரி பல மடங்கு. பழுதுபார்த்து வாடகைக்கு விட்டால் பண உதவி. எத்தனை எழுதியும் அசையாதவர்களின் வீட்டைக் கவுன்சிலே எடுத்துக்கொள்ளும். இதற்கென்று போட்ட அதிகாரி ஹெலெத் பிரைஸ், சின்னப் பெண், தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். டெக்வென் அவளை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள்.

"பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்களா, மிஸஸ் ரீஸ்?"

"இருக்காரே. எம்லின்." யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். வாரம் தவறாம தொட்டி வெளிய வருதுன்னு குப்பை லாரிக்காரங்க சொன்னாங்க."

கல்லில் சுட்ட வெல்ஷ் கேக் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சனிக்கிழமை பிள்ளைகளோடு வந்த மென்னாவின் முகம் தொங்கியிருந்தது.

"நம்ம பக்கத்துல காலி வீடே இல்லையாம், அம்மா. ஒருத்தி தெருத்தெருவா நடந்து பாத்துட்டாளாம்."

டெக்வென் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மென்னா ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எம்லின் மாமா கடைசியா எப்பம்மா வந்தாரு?"

பெற்ற பெண்ணிடம் பொய் வரவில்லை. "நெஸ்டா செத்த வருஷம்."

மென்னா கத்தவில்லை. கத்தியிருந்தால் டெக்வென் தாங்கியிருப்பாள்.

"நாங்க மூணு பேரு ஒரே கட்டில்ல புரளுறோம். நீ ஆளில்லாத வீட்டுக்கு தெனம் வெளக்கு போடுற."

"வாக்கு குடுத்துட்டேன், மென்னா."

"எனக்குந்தான் குடுத்த. என்ன ஆனாலும் நான் இருக்கேன்னு."

அந்த வியாழன் போனில் டெக்வென் கேட்டேவிட்டாள். மென்னா வாடகை கொடுத்து இருக்கட்டுமா, நீ வரும்வரைக்கும்தான் என்று. எம்லின் சிரித்தான். "இந்தக் கோடைக்கு வந்துடுவேன், டெக். எல்லாம் அப்படியே இருக்கட்டும். நெஸ்டா கோட்டு கதவுக்குப் பின்னால தொங்குதே, அதுகூட." எல்லா வருடமும் இதே கோடையைத்தான் சொல்லியிருக்கிறான். அவன்மேல் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. தன்மேல் அதைவிடக் கோபம்.

அடுத்த வியாழன் அவள் தன் தொட்டியை மட்டும் வெளியே வைத்தாள். மணியடித்த போனை எடுக்கவில்லை. லாரிக்காரர்கள் மூலம் கவுன்சிலுக்குத் தானாகத் தெரியவரட்டும், நாம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்பது அவள் கணக்கு. வெள்ளி காலையில் கதவைத் திறந்தால், எம்லின் தொட்டி ஜம்மென்று நடைபாதையில் நிற்கிறது. எதிர்வீட்டு ஹைவெல் வாசலில் நின்று கையாட்டினார்.

"ஒனக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். நானே தள்ளி வச்சுட்டேன். உள்ள ஒண்ணுமில்ல, அதான் என் குப்பையில ஒரு பையப் போட்டேன்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும், டெக். நீ இவ்ளோ பாடுபட்டு மறைக்கிற. நாங்க எதுக்குக் கெடுக்கணும்?"

டெக்வெனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சும்மா இருந்தால் தெரு சும்மா இருக்காது. வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. ஹைவெல் பார்த்துக்கொண்டிருக்கவே தொட்டியை உள்ளே தள்ளிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

கவுன்சில் அலுவலகத்தில் ஹெலெத் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். "வந்து சொன்னதுக்கு நன்றி. ஆனா ஒண்ணு சொல்லணும், மிஸஸ் ரீஸ். அந்த வீடு உங்க பொண்ணுக்குக் கெடைக்கும்னு நான் சொல்ல முடியாது. மொதல்ல அவருக்கு எழுதணும். ஒத்துக்கலைன்னா வருஷக்கணக்கா இழுக்கும். வரிசையில முன்னால வேற குடும்பம் இருக்கலாம்."

"தெரியும்" என்றாள் டெக்வென். தெரியாது. திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நல்ல சிநேகிதனைக் காட்டிக்கொடுத்தாகிவிட்டது, அதற்குக் கைமேல் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனாலும் ஊரில் ஏதோ மூன்று பேர் என்றைக்காவது தனித்தனிக் கட்டிலில் படுப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது மென்னாவாக இருக்கவேண்டும் என்று உடனே வேண்டிக்கொள்ளவும் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் எம்லின் வீட்டைத் திறந்து நெஸ்டாவின் கோட்டை எடுத்துவந்து தன் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

வியாழன் போன் வந்தது. இந்தமுறை எடுத்தாள்.

"தொட்டிய வச்சாச்சா?"

"இல்ல எம்லின். இனிமே வைக்க மாட்டேன். ஒன் வீடு காலின்னு கவுன்சில்ல நானே சொல்லிட்டேன். ஒனக்குக் கடிதாசி வரும். நெஸ்டா கோட்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு."

திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. வழி தெரியாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பவனைப் போல மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நான் எங்கதான் குடியிருக்கேன், டெக்?"

"ஒங்கக்கா வீட்லதான், எம்லின்" என்றாள். "ரொம்ப வருஷமா."