மாதா காலடித் தண்ணீர்

ஜோசப்பினின் விரல்கள் வெள்ளை மல்லுத் துணியின் ஓரத்தை இரண்டாக மடித்து நீவின. ஊசி ஏறி இறங்கியது. ஒரு தையல் கோணியதும் கைகள் நின்றன. பிரித்து மறுபடி குத்தின. மண்ணுக்குள் போகும் சட்டைதான். ஆனாலும் பிரித்தன.

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு யாரும் தையல் கற்றுக்கொடுக்கவில்லை. துரைசாணி கழித்துப்போட்ட கவுன் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கொழுந்து எடுத்த நேரம் போக, லயத்து வீட்டுப் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சட்டையும் சாவுச் சட்டையும் அவள் கையால்தான். தோட்டத்துக் கோயிலில் மாதாவுக்குப் பூ வைப்பவளும் அவளே. மாதா காலடியில் இருக்கும் செம்புத் தண்ணீரில் பூவைச் செருகுவாள். காய்ச்சல் கண்டவர்களுக்கு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது அங்கே வழக்கம்.

அந்த வாரத்து அடைமழையில் செவ்வந்தியெல்லாம் அழுகிவிட்டன. ஆபீஸ் வேலியோரத்து அரளி மட்டும் சிவந்து நின்றது. கிளைகிளையாக ஒடித்துவந்து செம்பு நிறையச் செருகினாள். மூன்று நாள் ஊறியது.

இன்று விடியும்போது, காய்ச்சலில் கிடந்த பெற்றீசியாவின் மூத்த மகள் வாந்தியெடுத்து வாந்தியெடுத்துக் கண்ணை மூடினாள். தகப்பன் கஸ்பர்தான் துணி கொண்டுவந்தான். பிள்ளை அரளியை எதுவும் மென்றதா என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா கேட்டாராம். மாதா தண்ணீரைத் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை என்றானாம் இவன்.

அவன் போனதும் ஜோசப்பின் கோயிலுக்கு ஓடிச் செம்பை மழைத்தண்ணீர் ஓடும் கானில் கவிழ்த்தாள். அதோடு முடிந்தது, யாருக்கும் தெரியவேண்டாம் என்று திரும்பிவந்து ஊசியை எடுத்தாள்.

மத்தியானம் சட்டையோடு போனபோது, பிள்ளையைப் பாயில் நீட்டிக் கிடத்தியிருந்தார்கள். பெற்றீசியாவின் மடியில் சின்னவன். பக்கத்தில் ஒரு போத்தல், பாதித் தண்ணீரோடு. அவள் அதைச் சங்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கும் மேலு சுடுதுக்கா. மாதாதான் காப்பாத்தணும்."

ஜோசப்பின் சங்கைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். போத்தலையும் கவிழ்த்தாள்.

"குடுக்காத தங்கச்சி. அரளி ஊறுன தண்ணி. வச்சது நாந்தான்."

பெற்றீசியா ஈரத்தரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எப்பத் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

"காலையில. துணி வந்தப்பவே."

பெற்றீசியா சின்னவனைத் தூக்கி, ஜோசப்பினுக்கு எட்டாமல், சுவரோரம் கிடத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"சட்டையக் குடுங்க."

ஜோசப்பின் கொடுத்தாள்.