கந்தக வாடை தேடி ஒரு சனிக்கிழமை

காலை ஐந்து மணிக்குக் கராஜ் கதவு கரகரவென்று மேலே ஏறியது. தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. அமெரிக்காவின் சான்டா கிளாராவில் என் தம்பி கணேசனின் வீடு. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் தம்பியின் ஜாக்கெட், காலில் வெள்ளை ஷூ என்று நான் வேஷம் கட்டி நின்றேன். கணேசன் எலுமிச்சம்பழச் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் எல்லாவற்றையும் காரில் அடுக்கினான். அவன் மனைவி சுதா, அரைத் தூக்கத்தில் இருந்த மகள் நித்யாவைத் தலையணையோடு பின் சீட்டில் உட்கார வைத்தாள்.

போகும் இடம் லாஸன் எரிமலைத் தேசியப் பூங்கா. வடக்கே இருநூற்றைம்பது மைலுக்குக் கொஞ்சம் அதிகம். நம் கணக்கில், அம்பாசமுத்திரத்தில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பி, பெரம்பலூரில் மதியச் சாப்பாட்டை முடித்து, அன்றைக்கே வீடு திரும்புவது.

எதற்கு இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஏறக்குறைய முப்பது வருடம் புவியியல் நடத்தினேன். வருடா வருடம் எரிமலைப் பாடம் வரும். சிவப்புச் சாக்பீஸால் குழம்பும் வெள்ளைச் சாக்பீஸால் புகையும் வரைந்துவிட்டு, எரிமலையிலிருந்து வரும் கந்தக வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்று சொல்லுவேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எரிமலையை நேரில் பார்த்ததில்லை என்பது பெரிய குறையில்லை, படத்திலும் டி.வி.யிலும் பார்த்தாயிற்று. வாடையை எந்தப் படத்தில் பார்ப்பது? அதோடு நாங்கள் சுத்த சைவம். அழுகிய முட்டை கிடக்கட்டும், நல்ல முட்டையைக்கூட நான் கையால் தொட்டதில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரியாத இன்னொன்றோடு ஒப்பிட்டே முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை எனக்கு விமானம். அதற்குள் ஒருமுறையாவது அந்த வாடையை என் மூக்கால் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். இந்த நாட்டில் எனக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

கணேசனுக்கு இஷ்டமில்லை. "அக்கா, அஞ்சு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போனா, ஒரு மலை, கொஞ்சம் புகை, கொஞ்சம் கொதிக்கிற சேறு. அவ்வளவுதான். யோசெமிட்டி போவோம், அருவி பாக்கலாம்" என்றான்.

"அருவி பாக்கதுக்கு நான் பாபநாசம் போயிக்கிடுவேன். பஸ்ல அரை மணி நேரம். எரிமலைக்கு எந்த பஸ்ல போவேன்?" என்றேன்.

சரி என்று தலையாட்டினான். நான் நூலகத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து, பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி அந்த நாளைப் பீரியட் பீரியடாகப் பிரித்தேன். முக்கியமான பீரியட் பம்பஸ் ஹெல் என்ற கொதிநீர்ப் பள்ளத்தாக்கு. மலைமேல் காரை நிறுத்தி, போக வர மூன்று மைல் நடக்க வேண்டும். அதற்காக ஒரு மாதம் நடந்து பழகினேன். நுழைவாயிலுக்கு அருகே சாலையோரத்தில் சல்ஃபர் வொர்க்ஸ் என்று ஒரு சின்ன இடம் இருந்தது. அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினேன். காரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். பூங்கா அலுவலகத்துக்குக் கணேசன் போன் பண்ணியபோது, மேலே பனி இருக்கலாம் என்று பதிவு செய்த குரல் சொன்னதாம். "ஜூன் கடைசியில எங்கலே பனி? நாப்பது டிகிரி அட்சரேகை அது" என்று அவன் வாயை அடைத்தேன்.

வண்டி கிளம்புவதற்கு முன் கராஜைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் பல வீடுகளில் துணி துவைக்கும் மெஷின் கராஜில்தான் இருக்கிறது. நான் வந்தது ஜனவரியில். மார்ச் மாதம் ஒருநாள் துணியோடு போனால் அங்கே அப்படி ஒரு நாற்றம், தலையே கிறுகிறுத்தது. எலி செத்துவிட்டது என்றான் கணேசன். மூன்று நாள் என்னை அந்தப் பக்கமே விடவில்லை, சுதாவே துவைத்தாள். எங்கள் ஊர் எலி செத்தால் அப்படி நாறாது. ஆனாலும் அமெரிக்க எலி, அது தின்பது வேறு என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். பிள்ளை புழங்குகிற வீட்டில் எலி மருந்து வைக்காதீர்கள் என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துப் புத்தி சொன்னேன். பயபக்தியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் அந்தப் பயபக்திதான். எனக்கும் கணேசனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சுதா சென்னைக்காரி, என்றாலும் எங்கள் ஊர் வழக்கப்படி என்னை மதினி என்று கூப்பிடுவாள். இருவரும் தங்கமானவர்கள். ஆனால் நான் சமையலறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். நான் ஃப்ரிட்ஜைத் திறந்தால் சுதா ஓடிவந்து "என்ன வேணும் மதினி, நான் எடுத்துத் தர்றேன்" என்பாள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த கல்வி அதிகாரியை நடத்துகிற மாதிரிதான் ஐந்து மாதமாக என்னை நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பனும் மகளும் வாக்கிங் என்று கிளம்பிப் போவார்கள். திரும்பி வந்தால், நான் சுட்ட இட்லியில் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இறங்காது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். 680ஆம் எண் சாலையில் ஏறி வடக்கே போய், பெனிஷியா பாலம் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. 505இல் திரும்பிப் பிறகு ஐந்தாம் எண் ஃப்ரீவேயைப் பிடித்தோம். வில்லியம்ஸ் என்ற ஊரை ஒட்டி இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கிய பச்சை வயல்கள். "கணேசா, நெல்லுலா அது!" என்று கத்திவிட்டேன். அவன் இந்த வழியில் நாலைந்து முறை போயிருக்கிறானாம், புல் என்று நினைத்தானாம். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன் பேச்சு இது! இங்கே விமானத்திலிருந்து விதை தூவுகிறார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வயலில் ஓர் ஆள்கூட இல்லை. வரப்பு என்னவோ நம் வரப்பு மாதிரியேதான் இருந்தது.

எட்டரை மணிவாக்கில் ரெட் பிளஃப். பெட்ரோல் போட்டோம், நித்யா முழித்துக்கொண்டாள். தூரத்தில் வெள்ளைத் தலையோடு ஒரு மலை தெரிந்தது. "அத்தை, இஸ் தட் யுவர் வால்கேனோ?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. நாங்கள் பேசும் தமிழ் முழுக்கப் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் கேட்ட பிறகுதான் அந்த வெள்ளையைக் கவனித்தேன். பனியேதான்.

36ஆம் எண் சாலை ஏற ஏற, காய்ந்த புல் போய் ஊசியிலை மரங்கள் வந்தன. மரத்தடிகளில் முதலில் கைக்குட்டை அளவு பனி, பிறகு போர்வை அளவு, கடைசியில் சாலையின் இரண்டு பக்கமும் சுவராகவே நின்றது. கணேசன் காரின் ஹீட்டரைக் கூட்டிவைத்தான். முப்பது வருடம் உயரம் கூடக் கூடக் குளிரும் என்று பாடம் நடத்தியவள், அட்சரேகையை மட்டும் பிடித்துக்கொண்டு மலையின் உயரத்தைக் கோட்டை விட்டிருந்தேன்.

பத்தரை மணிக்குப் பூங்கா வாயில். காருக்குப் பத்து டாலர். சாவடியில் இருந்த பெண் வரைபடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். மேலே சாலை மூடியிருக்கிறது. பம்பஸ் ஹெல்லுக்கு இன்னும் சில வாரம் யாரும் போக முடியாது. திங்கட்கிழமை விமானம் ஏறினால் ஏறியதுதான், இனி எப்போது வரப்போகிறேன்?

"வேற எங்கயாவது கந்தகம் இருக்கான்னு கேளுலே" என்றேன்.

அவன் கேட்டான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, ஒரு மைல் போங்கள், சல்ஃபர் வொர்க்ஸ் வரை பனி எடுத்தாயிற்று, கண்ணை மூடிக்கொண்டு போனாலும் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்றாளாம். நான் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பதற்றத்தில் மறந்தே போன அதே இடம்தான்.

காரை நிறுத்தி இறங்கினோம். பனிக்கு நடுவே அந்தச் சரிவு மட்டும் மஞ்சளும் காவியும் சாம்பலுமாக வெந்து கிடந்தது. பாறை இடுக்குகளிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. மரப்பலகைப் பாதைக்குக் கீழே ஒரு குழியில், கேப்பைக்களி கிண்டும்போது கொப்புளம் வெடிக்குமே, அது மாதிரி சேறு தளதளவென்று கொதித்தது. என் கரும்பலகைப் படத்தில் இல்லாத ஒன்று அந்தச் சத்தம். பார்த்துக்கொண்டே நின்றேன், கண் கலங்கிவிட்டது. காற்று திரும்பி, ஆவி எங்கள் மேல் அடித்தது. நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

முதல் மூச்சில் தலை கிறுகிறுத்தது. இரண்டாவது மூச்சில், இந்த வாடை எனக்குப் புதிதில்லை என்று தெரிந்துவிட்டது. எங்கே, எங்கே என்று யோசித்தேன். துணிக்கூடையோடு நிற்கிற ஞாபகம் வந்தது.

பாடத்தின்படி எரிமலை வாடை என்பது அழுகிய முட்டை வாடை. என் மூக்கின்படி எரிமலை வாடை என்பது கணேசன் வீட்டுக் கராஜ் வாடை. நான் கணக்கு டீச்சர் இல்லை; ஆனாலும் மூன்றாவது வரியை எழுத எனக்குத் தெரியும்.

"ஏலே கணேசா, எலியா செத்துச்சு?" என்றேன்.

கணேசன் ஆவியைப் பார்த்தான். சுதா பனியைப் பார்த்தாள். நித்யா மட்டும் குதித்தாள். "அப்பா! ஷி நோஸ்!"

சுதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மதினி, நீங்க வர்ற அன்னிக்கு ஃப்ரிட்ஜ் கிளீன் பண்ணேன். அப்பதான் வாங்குன ஃபுல் பாக்ஸ் முட்டை. தூக்கிப் போட மனசு வரல. வாஷிங் மெஷின் பின்னாடி வச்சிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடி வந்தோம். அப்புறம் மறந்தே போச்சு."

"பிள்ளை வளர்த்திக்குன்னு டாக்டர்தான் அக்கா சொன்னாரு" என்று கணேசன் இழுத்தான்.

"உன் வளர்த்திக்குமாலே சொன்னாரு?"

"அப்பா ஈட்ஸ் த்ரீ!" என்றாள் நித்யா. "எவ்ரி சண்டே!"

அப்போதுதான் வாக்கிங்கும் விளங்கியது. பக்கத்துத் தெருவில் ஏதோ காலை உணவுக் கடையாம்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது முட்டைக்காக வந்த கோபமில்லை. இல்லாத எலிக்காக நான் மூன்று நாள் பரிதாபப்பட்டேனே, அதற்காக. அதைவிட, நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, தன் மகளுக்கு ஒரு முட்டை வாங்கிக்கொடுக்க எனக்குப் பயந்து தெருத் தெருவாக ஒளிந்து திரிந்திருக்கிறானே என்று மனசு வலித்தது. அப்படி ஒரு பூதமாகவா நான் அந்த வீட்டில் இருந்தேன்? காற்று மறுபடியும் திரும்பி, அந்த நாற்றம் எங்கள் நாலு பேர் மூக்கிலும் ஒரே நேரத்தில் ஏறியது. நித்யா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அச்சாக என் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பலகைப் பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சுதா முதலில் பயந்து பார்த்தாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

"சவம், பாடத்துல நான் சொன்னது சரிதான்லே" என்றேன். "முப்பது வருஷமும் சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

என் டைம்டேபிளில் மற்ற எல்லா பீரியடும் ரத்து. அந்தச் சேற்றுக் குழிக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தேன். பிறகு வாகனம் நிறுத்தும் இடத்தில் பனிச்சுவர் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். அந்த ஐந்து மாதத்தில் அவ்வளவு பேசிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கணேசன் முட்டையை எந்தக் கல்லூரி விடுதியில், எந்த வருடம் தொடங்கினான் என்பதுவரை வெளியே வந்தது. இரண்டு மணிக்குக் கிளம்பி, நெல்வயல்களை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டு, இருட்டுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். ஒரே நாளில் போய் வந்தாயிற்று என்பதைக் கணேசனுக்கு இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன்.

மறுநாள் அப்பனும் மகளும் வாக்கிங் போகவில்லை. கடைக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்தார்கள். சுதா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் அதே மேஜையில் காப்பியோடு உட்கார்ந்தேன். நித்யாவின் தட்டில் மஞ்சளாக ஏதோ வந்து விழுந்தது. அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, "அத்தை, டஸ் இட் ஸ்மெல்?" என்று கேட்டாள்.

மூச்சை இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மணம்தான் வந்தது. "ஒரு நாத்தமும் இல்லட்டி" என்றேன். அதுவும் உண்மைதான். இத்தனை வருடம் அழுகிய முட்டையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தவள், நல்ல முட்டை எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் கிளம்ப வேண்டும். ஊரில் என்றைக்காவது பள்ளிக்கூடத்துக்குப் பேசக் கூப்பிட்டால், எரிமலை வாடையைப் பற்றி இனி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். என் வீட்டு வாசலைத் தாண்டி இப்போதும் முட்டை வராது. அது என் வீடு. மிச்ச முட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் சுதா தயங்கி நின்றாள். மேல்தட்டில் என் தயிர்ப் பாத்திரம் இருந்தது. நான் எழுந்துபோய் அதைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்து இடம் விட்டேன்.