ஸெனியா வீட்டு உலை

மனிடோபாவில் டாஃபின் பக்கம் ஸெனியாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஓய்வு பெறும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மூக்குமுடி உறைந்து குத்துகிற குளிரிலும் அவள் வண்டி கிளம்பாமல் நின்றதில்லை. முரண்டு பிடித்தால் எஞ்சின் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்பாள். பிறகுதான் கை வைப்பாள். ஊரே மெச்சிய அந்தக் கெட்டிக்காரத்தனம் புகுந்த வீட்டில் மட்டும் செல்லுபடியாகவில்லை. நாத்தனார் ஸ்டெஃபாவுக்கு அவள் இன்றைக்கும், கொதிநீரில் போட்ட கொழுக்கட்டை வாய் பிளந்துவிடும் மருமகள்தான்.

மாமியார் போனதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்து ஸ்டெஃபா வீட்டில்தான். தேனும் கசகசாவும் போட்ட கோதுமைப் பொங்கலுக்கென்று மாமியார் வைத்திருந்த மண்சட்டியும் அங்கேதான். சட்டி யார் வீட்டிலோ விருந்தும் அந்த வீட்டில். இந்த வருஷம் முழங்கால் வலி தாங்காமல் ஸ்டெஃபா விருந்தை ஸெனியாவுக்கு விட்டுக்கொடுத்தாள். மனசார அல்ல. எங்கே சறுக்குவாள் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள்.

சறுக்கல் விருந்தன்றே வந்தது. இரண்டு நாள் பனிப்புயல் ஓய்ந்து வானம் வெளுத்த மத்தியானம், நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலை அணைந்து வீடு சில்லிடத் தொடங்கியது. பழைய உலையைக் கழற்றிவிட்டு இலையுதிர் காலத்தில்தான் இந்தப் புதியதைப் போட்டார்கள். போட வைத்தது ஸெனியாவின் பிடிவாதம். கணவன் நெஸ்டருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். பழசு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான்.

"பழசு பாதி சூட்டைப் புகைபோக்கி வழியா காக்காய்க்குக் குடுத்துச்சு. நீ தள்ளு."

உலை பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டாள். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்களாம், நாளைக்குத்தான் வர முடியுமாம். அடுத்து வந்த போன் ஸ்டெஃபாவுடையது. நெஸ்டர் அக்காவிடம் அதற்குள் ஒப்பித்துவிட்டிருந்தான்.

"வீடு ஐஸ்பெட்டியாட்டம் ஆயிடுச்சாமே? சமைச்சதெல்லாம் அள்ளிக் கட்டிக்கிட்டு இங்க வந்துரு ஸெனியா. சட்டி இங்கதான இருக்கு."

"அக்கா, வெளக்கு வைக்கிறதுக்குள்ள வீடு சூடாயிடும். நீங்க சட்டியோட வாங்க."

"வர்றேன். சட்டி கார்லயே இருக்கும். உன் வீட்டுக்குள்ள நான் கோட்டைக் கழட்டினா பாத்துக்கலாம்."

இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் அந்தச் சட்டி தன் மேஜைக்கு வராது என்று ஸெனியாவுக்குத் தெரியும்.

நிலவறைக்கு இறங்கினாள். நெஸ்டர் அதற்குள் சுவரில் இருந்த, சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குப் பேட்டரி மாற்றி, உலையின் நெற்றியில் இரண்டு தட்டும் தட்டியிருந்தான்.

"பத்த வைக்கிற கம்பி செத்துப்போச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றான்.

"சத்தம் போடாத. கேக்க விடு."

காற்று வடிகட்டியை உருவிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டாள். உள்ளே சின்ன விசிறி சுழன்றது, முனகியது, நின்றது. தீ தெரிவதற்கென்று உலையில் வைத்திருந்த கண்ணாடித் துளை இருட்டாகவே இருந்தது. மறுபடியும் அதே கதை. கம்பி பழுத்து, கேஸ் வந்து, தீ பிடிக்காமல் போனால் கம்பியைக் குறை சொல்லலாம். இங்கே கம்பிக்கு முறையே வரவில்லை. அந்த விசிறி வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளினால்தான் உலை அடுத்த வேலைக்கு இறங்கும். இல்லாவிட்டால் நச்சுப்புகை வீட்டுக்குள் திரும்பிவிடும் என்று கேஸையே திறக்காது.

"இதுக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

உலையிலிருந்து கிளம்பிய இரண்டு வெள்ளைக் குழாய்களையும் கையால் தடவிக்கொண்டே போனாள். அவை கூரையோரமாக ஓடி வடக்குச் சுவருக்குள் நுழைந்தன.

"நெஸ்டர், காலையில வீட்டச் சுத்திச் சுவரோட பனி அணைச்சியா?"

"வருஷா வருஷம் அணைக்கிறதுதான? எங்கப்பா காலத்துலேர்ந்து. அணைக்கலன்னா அஸ்திவாரத்துல ஊதக்காத்து ஏறும்ல?"

"வடக்குப் பக்கமும்?"

"அங்கதான் நல்லா அணைச்சேன்! ரெண்டு ஓட்டைக் குழாய வெளிய நீட்டி வச்சிருந்தானுங்க பாரு, அது வழியாத்தான் குளிரு உள்ள வருதுன்னு…" பாதியில் நின்றான். முகம் பீட்ரூட் சூப் நிறத்துக்குப் போனது.

ஸெனியா திட்டவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, செருப்போடு வெளியே ஓடப் பார்த்தவனைப் பிடித்து பூட்ஸ் மாட்ட வைத்தாள். வடக்குச் சுவரில் பனி ஜன்னல் உயரத்துக்கு, பூச்சு வேலை மாதிரி வழவழவென்று நின்றது. மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கியிருந்தான் மகராசன். அவன் பக்கவாட்டில் வெட்ட வெட்ட, அவள் கையுறையால் குடைந்து குழாய் வாய்களைத் திறந்தாள். உள்ளே அடைத்திருந்த பனிக்கட்டியை மரக்கரண்டியால் நெம்பி எடுத்தாள். சுற்றிலும் ஓராள் படுக்கிற அகலத்துக்கு வெட்டவெளி ஆக்கிய பிறகே இறங்கி வந்து சுவிட்சைப் போட்டாள்.

விசிறி சுழன்றது. முனகவில்லை. க்ளிக். கண்ணாடித் துளையில் கம்பி ஆரஞ்சாகப் பழுத்தது. புஸ்ஸென்று நீலத்தீ வரிசையாகப் பிடித்தது. ஸெனியா அந்த ஈரக் கையுறையோடு நெஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "எரியுதுய்யா!" என்று கத்தினாள். நெஸ்டர் இனி உலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

இரண்டு தெரு தள்ளியிருந்து ஸ்டெஃபா காரில் வந்தாள். கோட்டு, சால்வை, அதற்குள் இரண்டு கம்பளிச் சட்டை. வழக்கப்படி மேஜை விரிப்புக்கடியில் வைக்கோல் பரப்பியிருந்தது, இறந்தவர்களுக்கென்று ஒரு தட்டு தனியாக இருந்தது. எல்லாவற்றையும் நோட்டம் விட்டபடி நின்றாள். நெற்றி வியர்த்தது. சால்வை போனது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். கோட்டும் போனது. ஒரு கம்பளிச் சட்டையும் போனது.

விருந்துக்கு உட்காரச் சொல்லும் முதல் நட்சத்திரம் ஜன்னலில் தெரிந்ததும் ஸ்டெஃபா தம்பியிடம் சொன்னாள்: "கார்ல சட்டி இருக்கு. ஒடைக்காம எடுத்துட்டு வா."

அன்றைய வழக்கமான பன்னிரண்டு பதார்த்தமும் சாப்பிட்டார்கள். ஒரு கொழுக்கட்டை வாய் பிளந்துதான் கிடந்தது. ஸ்டெஃபா அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினாள்.

கிளம்புகிற நேரத்தில் நெஸ்டர் சட்டியைக் கழுவித் துடைத்துக் கார் பக்கம் தூக்கிக்கொண்டு போனான். வாசலில் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டெஃபா தலையைத் தூக்கினாள்.

"அத எங்கடா தூக்கிட்டுப் போற? உள்ள வை. அடுத்த வருஷம் அவளுக்கு வேணாமா?"